செல்லாக் காசு என்று சொல்லாதீர்கள்!

எங்கள் வீட்டில் ஒரு பழைய பவுடர் டப்பா உண்டு. 1976-இல் ஜனதா காலனியிலிருந்து டிராம்பே சீத்தா கேம்ப்புக்குக் குடிபெயர்ந்தபோது பாத்திரம் பண்டங்களோடு வந்தது. அதில் இருப்பது என் தாயார் சேர்த்து வைத்த சில்லறை. "செல்லாக் காசுதானே, பங்கார் கடையில் போட்டுவிடலாமே" என்றான் பேரன். அந்த ஒரு சொல்தான் என்னை எழுத வைத்தது.

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மார்க்கெட்டில் ஒரு பைசா ஏமாந்தவரில்லை. முந்தானை முடிச்சைத் தடவியே கணக்குப் பார்ப்பார். ஐந்து பைசா சதுரம். மூன்று பைசா அறுகோணம். பத்து பைசாவுக்கு அலை அலையான விளிம்பு. எண்ணைப் படிக்க வேண்டிய அவசியமே அவருக்கு இருக்கவில்லை.

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. வெள்ளைக்காரன் காலத்து ஒரு அணாவுக்குப் பன்னிரண்டு அலை விளிம்பு. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1918-இல் இரண்டணாவைச் சதுரமாக நிக்கல் கலவையில் அடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் செம்பு கிடைக்காமல், 1943-இல் நடுவில் துளை போட்டார்கள். நம் பெரியவர்கள் சொல்லும் 'ஓட்டைக் காலணா' அதுதான். டப்பாவிலுள்ள பல காசுகளில் ஆண்டுக்குக் கீழே சிறு வைர வடிவக் குறி தெரிகிறது. நம் மும்பை நாணயச் சாலையில் பிறந்தவை அவை.

கப்பலில் வேலை செய்யும் என் தங்கை மகன் மணிலாவிலிருந்து சில பழைய காசுகள் கொண்டு வந்தான். அங்கேயும் இதே கதைதான். 1975-இல் வந்த ஒரு சென்டிமோ சதுரம், ஐந்து சென்டிமோவுக்கு அலை விளிம்பு, 1983-இல் வந்த இரண்டு பீசோவுக்குப் பத்துப் பக்கம். அதே 1983-இன் ஐம்பது சென்டிமோவில் அந்நாட்டுக் கழுகின் அறிவியல் பெயரை எழுத்துப் பிழையோடு அச்சடித்துவிட்டார்கள். சேகரிப்பவர்கள் அந்தப் பிழைக் காசைத்தான் தேடி அலைகிறார்கள்! அபூர்வத்தைத் தேடுவது தவறில்லை. ஆனால் ஒரு காசு யாருடைய கைக்காக அப்படிச் செய்யப்பட்டது என்பதையும் நாம் கேட்க வேண்டாமா?

நம் நாட்டில் அந்தக் கேள்வி இடையில் மறந்துபோயிற்று என்பது என் தாழ்மையான கருத்து. பதினொரு பக்கம் கொண்டிருந்த இரண்டு ரூபாய் வட்டமாயிற்று. 2011-இல் வந்த இரண்டு ரூபாய்க்கும் அதற்கு முந்தைய ஒரு ரூபாய்க்கும் அளவு ஒன்றே: 25 மில்லிமீட்டர். எடையும் ஒன்றே. அப்போது என் தாயாருக்குப் பார்வை மங்கியிருந்தது. ஒன்று என்று நினைத்து இரண்டைக் கொடுத்துவிட்டு வருவார். "என் விரலுக்கும் வயசாயிடுச்சுடா" என்பார். வயதானது விரலுக்கல்ல, அம்மா. காசுதான் பேசுவதை நிறுத்திவிட்டது. பார்வையற்றோரை மனத்தில் கொண்டு 2019-இல் அறிவித்த வரிசையில் இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம் வைத்தார்கள். மகிழ்ச்சி. பார்க்க அவர்தான் இல்லை.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்பது உண்மை. அதற்காகப் பங்கார் கடையில் எடைக்குப் போடாதீர்கள். பழைய காசுக்கு லட்சம் தருகிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவர்களையும் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியே தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி பற்றி 2021-இல் எச்சரித்தது. கண்ணாடிப் பெட்டியிலும் பூட்டி வைக்க வேண்டாம். பேரப்பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் வையுங்கள். எது எவ்வளவு என்று கேளுங்கள்.

என் பேரன் இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். டப்பா இப்போது அவன் அலமாரியில் இருக்கிறது.