சுக்கான் கல் சொன்ன பாடம்

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'ஆக்சிஜன்' என்றால் அமிலம் பிறப்பிப்பது. பெயர் வைத்தவர் லவுவாசியே. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பேரன் புத்தகத்தில் அர்ரீனியஸ் விளக்கம்: நீரில் ஹைட்ராக்சைடு அயனி தருவது காரம். வேப்பந்தட்டைக் காட்டில் கிடந்த சுக்கான் கல்லில் எலுமிச்சம்பழம் பிழிந்து காட்டினேன். நுரைத்தது.

"சுண்ணாம்புக்கல் வாய்பாட்டில் ஹைட்ராக்சைடு இல்லையே தாத்தா?"

நல்ல கேள்வி. 1923இல் பிரான்ஸ்டெட்டும் லௌரியும் விடை சொன்னார்கள்: புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம். கல்லிலுள்ள கார்பனேட் வாங்குகிறது.

விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அது ஏன் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோப்புகளோடு காலம் கழித்தவன் கேட்கிறேன்: அரசாணைக்கே திருத்தம் வருகிறது, விளக்கத்துக்கு வரக்கூடாதா?