இருபது வயதில் எடுக்க வேண்டிய அளவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்தச் சுவர் எவ்வளவு உறுதியானது என்று நாம் என்றைக்காவது அளந்து பார்த்ததுண்டா? கல்லூரியில் சேரும்போது மதிப்பெண் பட்டியல் கேட்கிறார்கள்; மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் கேட்கிறார்கள். இதயமும் நுரையீரலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. "நோயில்லாதவனுக்குச் சோதனை எதற்கு?" என்பதே பொதுவான எண்ணம். நோயில்லாத காலத்தில்தான் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதிலும் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் நம் பகுதி மாணவர்க்கு அது மிகமிக அவசியம்.

எதை அளப்பது?

ஒருவன் ஓடும் வேகத்தைக் கூட்டக் கூட்ட, அவன் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்திற்கு மேல் வேகம் கூடினாலும் ஆக்சிஜன் கூடாது. இந்த உச்ச வரம்பை 1923ஆம் ஆண்டிலேயே ஏ. வி. ஹில், லப்டன் என்னும் ஆங்கில அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். காற்றை இழுக்கும் நுரையீரல், இரத்தத்தைத் தள்ளும் இதயம், ஆக்சிஜனைச் சுமக்கும் இரத்தம், அதை எரிக்கும் தசை ஆகிய நான்கின் கூட்டு உழைப்பை இந்த ஓர் எண் சொல்லிவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்திற்கு இத்தனை மில்லிலிட்டர் என்று இதைக் குறிப்பார்கள்.

இந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்கலாம். அமெரிக்காவில் பிளேர் என்பவரின் குழுவினர் நலமாக இருந்த 13,344 ஆண்களையும் பெண்களையும் ஓடுபொறியில் களைக்கும் வரை நடக்கவைத்து அளந்தனர். பிறகு எட்டாண்டுகளுக்குச் சற்று மேலாக அவர்களைக் கவனித்து, 1989இல் முடிவை வெளியிட்டனர். திறன் குறைந்திருந்த பிரிவினரிடையே இறப்பு விகிதம் மிகுதியாக இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் அந்த வேறுபாடு மறையவில்லை. நாடி, இரத்த அழுத்தம் போல இதையும் மருத்துவர்கள் வழக்கமாகக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் கூறியது.

நம்மை யார் அளக்கிறார்கள்?

எங்கள் ஆனைக்குட்டத்தில் அர்ச்சுனா நதி அணைப் பக்கம் விடியற்காலையில் இளைஞர்கள் ஓடிப் பழகுவதைக் காணலாம். காவலர் தேர்வுக்கான பயிற்சி அது. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திற்குள் ஓட வேண்டும். ஆண்களுக்கு மார்பளவு 81 சென்டிமீட்டர் இருந்து, மூச்சை இழுத்தால் மேலும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். நம்மில் பலருக்கு வாழ்நாளில் நடக்கும் ஒரே உடல்திறன் அளவீடு இதுதான். இதில் கிடைக்கும் விடையோ 'தேறினார்', 'தேறவில்லை' என்ற இரண்டில் ஒன்று. மார்பைச் சுற்றும் நாடா விலா எலும்பின் விரிவைத்தான் காட்டும். உள்ளே போன காற்று எவ்வளவு என்பதைக் காட்டாது. காக்கிச் சட்டை கேட்பவனுக்கு மட்டும்தானா இதயம் இருக்கிறது? மற்றவர்க்கும் இருக்கிறதல்லவா?

ஒரு படியும் ஒரு கடிகாரமும் போதும்

பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும், விலையுயர்ந்த கருவி வேண்டும் என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், ஹார்வர்டு படிச் சோதனை வெளிவந்தது. 20 அங்குல உயரப் பலகையில் நிமிடத்திற்கு 30 முறை வீதம் 5 நிமிடம் ஏறி இறங்க வேண்டும். திடகாத்திரமான ஆண்களுக்காக வகுத்த முறை அது. உயரம் குறைந்தவர்க்குக் கடினம். நமக்கு ஏற்றது, நியூயார்க் குயின்ஸ் கல்லூரியில் மக்கார்டில் குழுவினர் கல்லூரி மாணவியரைக் கொண்டு ஆராய்ந்து 1972இல் வெளியிட்ட முறையாகும். படியின் உயரம் 41.3 சென்டிமீட்டர். மாணவர் நிமிடத்திற்கு 24 முறையும், மாணவியர் 22 முறையும் ஏறி இறங்க வேண்டும். மூன்று நிமிடம் முடிந்ததும் நின்றபடியே, 5ஆம் விநாடி முதல் 20ஆம் விநாடி வரை நாடியை எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். அந்தத் துடிப்பை ஆண்களுக்கு 0.42ஆல் பெருக்கி 111.33இலிருந்து கழிக்க வேண்டும், பெண்களுக்கு 0.1847ஆல் பெருக்கி 65.81இலிருந்து கழிக்க வேண்டும்.

பதினைந்து விநாடியில் 40 துடிப்பு என்றால் நிமிடத்திற்கு 160. மாணவருக்கு விடை ஏறத்தாழ 44, மாணவிக்கு 36. ஓராண்டு ஓடிப் பழகிய பின் அதே மாணவருக்கு நாடி 148 ஆகக் குறைந்தால் விடை 49 ஆக உயரும். நம் வகுப்பறைக் கணிதத்திற்குள் அடங்கிவிடும் கணக்கு இது.

அயல்நாட்டுச் சூத்திரம் நமக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானதே. 1932இலேயே கிருஷ்ணன், வரீத் என்னும் இருவர் தென்னிந்திய மருத்துவ மாணவர் 103 பேரின் மூச்சுக் கொள்ளளவை அளந்து வெளியிட்டனர். நம்மவரின் நுரையீரல் அளவை மேனாட்டார் அட்டவணையை வைத்து எடைபோட முடியாது என்பது அன்று முதல் பல ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஆனால் நான் கேட்பது நியூயார்க் மாணவரோடு ஒப்பீடு அன்று. இன்றைய நம்மை நாளைய நம்மோடு ஒப்பிட வேண்டும். அதற்கு எந்த அளவுகோலும் போதும். ஒவ்வோர் ஆண்டும் அதே அளவுகோலாக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஏன் இப்போதே?

மனிதனின் நுரையீரல் இருபது முதல் இருபத்தைந்து வயதுக்குள் தன் முழு அளவை எட்டிவிடுகிறது. அதன்பின் இறக்கம்தான். ஒரு விநாடியில் ஊதித் தள்ளும் காற்று, நலமாக இருப்பவர்க்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிலிட்டர் குறைந்துகொண்டே வரும். நாம் இப்போது மலையுச்சியில் நிற்கிறோம். இந்த உச்சியின் உயரத்தைக் குறிக்காமல் விட்டால், எவ்வளவு இறங்கினோம் என்று பின்னால் எப்படித் தெரியும்?

நம் பகுதியில் வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள் ஆகியவற்றோடு பழகாத குடும்பங்கள் குறைவு. பட்டம் பெற்ற பின்னும் நம்மில் பலர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோதான் போகப் போகிறோம். ஒருவரின் நுரையீரல் திறன் இருபது வயதில் சராசரியில் 115 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதில் அது, அந்த வயதுக்கு உரிய சராசரியில் 85 விழுக்காடாகிறது. மருத்துவர் 80க்கு மேல் இருப்பதால் "இயல்பு" என்று எழுதித் தருவார். உண்மையில் அவர் தம் பங்கில் கால் பகுதிக்கும் மேல் இழந்துவிட்டார்! பழைய அளவு கையில் இல்லாததால் அந்த இழப்பை அவரால் காட்டவும் முடியாது, கேட்கவும் முடியாது.

போபால் துயரத்திற்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான பொருளைக் கையாளும் தொழிலாளியை வேலையில் அமர்த்தும் முன்பும், வேலையில் இருக்கும்போது 12 மாதத்திற்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவச் சோதனை செய்ய வேண்டும் என்று அத்திருத்தம் விதித்தது. நல்ல விதி. ஆனால் ஆலை வாசலில் எடுக்கும் அளவைவிட, ஆலைக்குள் நுழைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுத்து, தொழிலாளியின் கையிலேயே இருக்கும் அளவுக்கு மதிப்பு அதிகம்.

"நாள் முழுதும் உழைக்கும் நம் மக்களுக்கு உடற்பயிற்சியும் சோதனையும் வேண்டுமா?" என்று சிலர் சிரிக்கலாம். தரையில் அமர்ந்து குழாய் உருட்டுவதும், திரி பின்னுவதும், தாள் ஒட்டுவதும் விரல்களுக்கு ஓயாத வேலைதான். இதயத்திற்கோ அது வேலையே அன்று. உழைப்பு வேறு, திறன் வேறு.

வேண்டுகோள்

முதலாம் ஆண்டில் சேரும் ஒவ்வொருவருக்கும், பின் ஆண்டுதோறும், உடற்கல்வி இயக்குநர் மேற்பார்வையில் படிச் சோதனை நடத்த வேண்டும். படிச் சோதனை இதயத்தின் பக்கத்தைத்தான் நன்றாகக் காட்டும். ஆகவே அரசு மருத்துவமனையின் உதவியோடு ஒருமுறையேனும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் செய்ய வேண்டும். எண்ணுவதற்கும் எழுதுவதற்கும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறோம்.

மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். ஒன்று, ஆஸ்துமா, இதயக் கோளாறு, காய்ச்சல் உள்ளவரைப் படியேற்றக் கூடாது. நம் ஊர் வெயிலில் காலை வேளை தவிர வேறு வேளையில் நடத்தவும் கூடாது. இரண்டு, நாடி மிக வேகமாக அடிப்பவரைச் சோம்பேறி என்று கேலி செய்யக் கூடாது. தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை உண்டு. ஆக்சிஜனைச் சுமக்கும் இரத்தம் வெளுத்திருந்தால் இதயம் விரைந்து அடிக்காமல் என்ன செய்யும்? அவரை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை. மூன்று, அந்த எண் மாணவருடைய சொத்து. வேலை தருபவர் கையில் அது போனால் ஆளைக் கழிக்கும் கருவியாகிவிடும்.

மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கும் நாம், அதோடு இன்னொரு சிறு சீட்டையும் வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிறவர்கள் நாம். நமக்கு முன்னிருந்தவர்கள் தங்கள் மூச்சு எவ்வளவு இருந்தது என்று எழுதி வைக்க வாய்ப்பில்லாமல் உழைத்துவிட்டார்கள். எழுதத் தெரிந்த நாம் எழுதி வைப்போம்.