கலப்பற்றா, கலப்பத்தா?

மரக்கலத்தின் பலகைகளுக்கிடையே நீக்கு விடுமாயின் எத்துணை வலிய கலமும் கடலுக்கு இரையாகும். அந் நீக்கில் பஞ்சுத் திரியையோ தேங்காய் நாரையோ மழுங்கிய உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சிப் பூசுவர். பலகை நீரில் ஊறிப் பருக்க, உள்ளிருக்கும் நார் நெருக்குண்டு கசிவை அடைக்கும். கலம் கட்டுவோர் இத் தொழிலைக் கலப்பத்து என்பர். அகரமுதலிகளில் கலப்பற்று என்னும் வடிவமும் உண்டு.

இச் சொல் எவருடையது? கலம் + பற்று = கலப்பற்று எனப் பிரித்துத் தமிழே என்று முடிவு கட்டத் தமிழன்பர் உள்ளம் விழையும். புணர்ச்சி இடந்தருகின்றது. பற்றாசு, பற்றுப்போடுதல் என்பவற்றில் உள்ள ஒட்டுதற் பொருளும் துணைநிற்கின்றது. பற்று பேச்சு வழக்கில் பத்து ஆவதும் இயல்பே. ஆயினும், பிரிக்க இயல்வது ஒன்றே பிறப்புக்குச் சான்றாகாது.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்தது. அவர் மொழியில் இத் தொழிலைச் சுட்டும் வினை 'கல்பத்தே'. தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 வரை போர்த்துக்கீசியர் இருந்தனர். அவர் மொழியில் இத் தொழிலாளியின் பெயர் 'கலபாத்தே'. சாவியும் அலமாரியும் மேசையும் அவர்வழி வந்தவையே. அவர்க்கும் முன்னரே இச் சொல் மேலைக் கடலில் வழங்கியது. 1041-42இல் கான்சுதாந்திநோபிளை ஆண்ட ஐந்தாம் மிக்கேலின் பட்டப்பெயர் 'கலபாத்தேசு'; அவன் தந்தை கலத்தின் நீக்கடைக்கும் தொழில் செய்தவன். வாசுகோட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல் அன்றோ? சொல்லின் முதல் அரபோ இலத்தீனோ என மேலையறிஞர் இருவேறு கூறுவர்.

தமிழே அரபியர்வழி மேற்கே சென்றது என்பார், 1041க்கு முற்பட்ட தமிழ்ச் சான்றைக் காட்டல் வேண்டும். காட்டாதவரை அது விருப்பமேயன்றி ஆய்வு ஆகாது. ஆங்கிலக் 'கால்க்' என்பதையும் இதனொடு பிணைத்தல் பொருந்தாது. அது மிதித்தழுத்தற் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்த வேறு சொல்.

இதனால் தமிழுக்கு இழுக்கு யாது? கட்டுமரம் என்னும் நம் சொல்லை ஆங்கிலம் ஏற்றுக்கொண்டது. கட்டுமரத்திற்கோ அடைக்க வேண்டிய நீக்கே இல்லை. புகுந்த நீர் இடைவழியே வடியும். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகையோ கயிற்றால் தைத்து, தையலின் கீழ் வைக்கோலோ நாரோ வைத்து இறுக்கினர். தொழில் நம்மிடம் இருந்தது, வந்தது பெயரே. உண்மைப் பெருமை இத்துணை இருக்க, பொய்ப்பெருமை எற்றுக்கு? ஐயத்திற்குரிய ஒரு சொல்லைத் தமிழென்று முழங்கின், ஐயமற்ற நூறு சொற்களையும் மாற்றார் எள்ளுவர். தனித்தமிழ்க்கு அதனினும் பெருங்கேடு வேறில்லை.

செய்யத்தக்கது வேறு. நீக்கு, அடைப்பு என்னும் இரண்டும் நம்முடையவை. நீக்கடைப்பு என்றே வழங்கலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றில் பலகையும் இல்லை, நீக்கும் இல்லை. மரப்படகு மறையுமாயின் அதன் உறுப்புப் பெயர்களும் தொழிற்பெயர்களும் உடன் மறையும். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி ஆகிய ஊர்களின் முதியோரிடம் சென்று அச் சொற்களைத் திரட்டித் தருதல் காரைக்கால் இளைஞரின் கடன். ஓசை ஒப்புமையை நம்பி ஒரு சொல்லுக்கு வழக்காடுவதினும், வாழும் சொற்களை அழியாமற் காத்தலே தமிழ்த்தொண்டு என்று அறிக.