ஆகாயக் குப்பைக்கு யார் பொறுப்பு?

ஊர்ப் பொதுக் கிணற்றில் குப்பை கொட்டுகிறவனை எந்தக் கிராமத்தாரும் சும்மா விடமாட்டார்கள். மனித குலம் முழுமைக்கும் பொதுவான ஆகாயத்திலோ வல்லரசுகள் குப்பை கொட்டி வருகின்றன, கேட்பாரில்லை.

காலாவதியான செயற்கைக் கோள்களும், ராக்கெட்டுகளின் மிச்சங்களும், உடைந்த துண்டுகளும் மணிக்குச் சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன. 2007-ம் வருஷம் சீன ராஜாங்கத்தார் தமது பழைய வானிலைக் கோளொன்றை ஏவுகணையால் தகர்த்த பொழுது, கண்டு கணக்கிடக்கூடிய துண்டுகள் மாத்திரம் 3,000-க்கு மேல் சிதறின. 2009-ம் வருஷம் செயலற்ற ருஷியக் கோளொன்றும் அமெரிக்கக் கம்பெனியொன்றின் கோளும் சைபீரியாவுக்கு மேலே மோதி நொறுங்கின. 2021-ல் ருஷியாவும் தன் கோளொன்றைத் தகர்க்கவே, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்தோர், ருஷியர் உட்பட, உயிருக்கஞ்சித் தத்தம் கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது. மோதலால் துண்டுகளும், துண்டுகளால் மோதலும் பெருகுமென்று அமெரிக்க விஞ்ஞானி கெஸ்லர் 1978-லேயே எச்சரித்தார்.

சட்டம் என்ன செய்கிறது? 1972-ம் வருஷத்து உடன்படிக்கைப்படி, கோள் விழுந்து பூமியில் சேதம் விளைந்தால், ஏவிய தேசம் குற்றம் நிரூபிக்கப்படாமலே நஷ்டஈட்டுக்குக் கட்டுப்பட்டது. 1978-ல் கனடாவில் சோவியத் கோள் விழுந்ததற்கு 30 லட்சம் கனடிய டாலர் கிடைத்தது. ஆனால் ஆகாயத்திலேயே சேதம் விளைந்தாலோ, வாதி பிரதிவாதியின் தவறை நிரூபிக்க வேண்டும். விரலளவுத் துண்டு எவருடையதென்று எந்தச் சாட்சி சொல்லும்? அன்றியும், செத்த கோளும் ஏவியவர் சொத்தே. அவர் சம்மதமின்றிப் பிறர் அதை அகற்றவும் இயலாது. குப்பை கொட்டத் தடையில்லை, கூட்டவோ அநுமதி வேண்டும்! இதுவா நியாயம்?

பிறரைக் கண்டிக்கும் நாம் நம்மையும் மறைத்துக்கொள்ளலாகாது. 2019-ம் வருஷம் மார்ச்சு மாதம் நம் தேசமும் தன் கோளொன்றைத் தகர்த்தது. தாழ்ந்த உயரத்தில் செய்தபடியால் பெரும்பாலான துண்டுகள் விரைவில் எரிந்தொழிந்தன என்பது உண்மையே. எனினும் சில மேலே வீசப்பட்டன என்பதும் உண்மையே. 2022-ல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இத்தகைய சோதனைகளைக் கைவிடுமாறு தீர்மானித்தபொழுது, இந்தியா வோட்டளியாது ஒதுங்கி நின்றது. இது நமக்குச் சம்மதமன்று. 2030-க்குள் குப்பையற்ற விண்பயணம் என்று நமது விண்வெளி ஸ்தாபனத்தார் செய்துள்ள சங்கற்பமே நமக்குத் தகுந்த வழி.

தகர்ப்புச் சோதனைகளை அறவே விலக்குவதும், ஆயுள் முடிந்த கோளைக் குறித்த காலத்துக்குள் இறக்கக் கட்டாயப்படுத்துவதும், கொட்டியவரே கூட்டும் செலவை ஏற்கச் செய்வதுமான புதிய உடன்படிக்கை வேண்டும். அதைக் கோருவதில் இந்தியா முன்னிற்க வேண்டும். புயலை முன்னறிந்து நம் கடற்கரை மக்களைக் காக்கும் கோள்களும் அவ்வாகாயத்திலேதான் இருக்கின்றன என்பதை டில்லியார் மறவாதிருப்பார்களாக.