கேப்டன் பட்டம், டாக்டர் தொழில்

உலக அழகிப் போட்டி 1996 நவம்பர் 23 அன்று பெங்களூரில் நடந்தது. ஆஸ்டின் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சின்னசாமி ஸ்டேடியத்தில் மேடை. போட்டியை எதிர்த்து அந்த ஊரில் போராடிக் கைதானவர்களில் 82 வயதுப் பெண்மணி ஒருவரும் இருந்தார். கைது அவருக்குப் புதிதல்ல. 1945 மே மாதம் பர்மாவில் பிரிட்டிஷ் ராணுவமே அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. அவர் கேப்டன் லட்சுமி.

பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ராணுவப் பட்டம் அவர் வாழ்வில் இரண்டு வருட விஷயம்தான். மிச்சமெல்லாம் டாக்டர் தொழில். 1914-ல் சென்னையில் பிறந்தவர், 1938-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தார். அடுத்து மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமா. திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில் சில காலம் வேலை பார்த்துவிட்டு 1940-ல் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அங்கே பிழைக்க வந்த ஏழை இந்தியத் தொழிலாளர்களுக்காகக் கிளினிக் திறந்தார்.

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த நேதாஜி, பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். ஜான்சி ராணிப் படையைத் திரட்டும் பொறுப்பு லட்சுமிக்கு வந்தது. அதில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள். பர்மாவில் கைதான லட்சுமி 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு ஐ.என்.ஏ. அதிகாரி பிரேம் குமார் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார்.

அங்கே மறுபடி ஸ்டெதாஸ்கோப். பிரிவினை அகதிகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1971-ல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்தபோது கல்கத்தாவுக்குப் போய் நிவாரணப் பணியில் இறங்கினார். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது மருத்துவக் குழுவோடு கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 70. இதற்கிடையே மார்க்சிஸ்ட் கட்சியின் உறுப்பினராகவும் இருந்தார். ஊர் ஊராகப் போனாலும் திரும்பி வந்த இடம் கான்பூர் கிளினிக்தான்.

2002 ஜனாதிபதி தேர்தலில் போட்டியிட்ட இருவருமே தமிழ்நாட்டில் பிறந்தவர்கள். ராமேஸ்வரத்து அப்துல் கலாமுக்கு 9,22,884 ஓட்டு மதிப்பு. இடதுசாரிகள் நிறுத்திய லட்சுமிக்கு 1,07,366. முடிவு முன்பே தெரிந்த தேர்தல். தோற்றவருக்கு வேலை பாக்கி இருந்தது. நான்கு வருடம் கழித்து, 2006-லும் அவர் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது 90-ஐத் தாண்டியிருந்தது.

2012 ஜூலை 23 அன்று, 97-வது வயதில் கான்பூரில் காலமானார். உடல் சுடுகாட்டுக்குப் போகவில்லை. மாணவர்கள் படிப்பதற்காக அந்த ஊர் மருத்துவக் கல்லூரிக்குத் தரப்பட்டது.