பேச்சு புரிகிற இல்லம் வேண்டும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தே முதுமை கண்டவர் என் அம்மா. நாங்கள் அவரைச் சேர்த்த முதியோர் இல்லத்தில் சோற்றுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. ஆனால் பணிப்பெண்களுக்குச் சிங்களம் மட்டுமே தெரியும். "நெஞ்சு கரிக்குது" என்று அம்மா சொன்னது யாருக்கும் விளங்காமலே ஓர் இரவு முழுக்கக் கழிந்தது. சாயத்தண்ணியும் வெற்றிலையும் கேட்டால் கெட்ட பழக்கமென்று கையை விரித்தார்கள்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, பலர் 2003இல்தான் குடியுரிமை பெற்ற சமூகம் எங்கள் மலையகத் தமிழ்ச் சமூகம். கடைசிக் காலத்திலும் அந்நியர்களாக அவர்களை உட்கார வைப்பது அநியாயம்.

மலையகத்தில் இல்லம் நடத்துகிறவர்களே, இரவு வேலைக்குத் தமிழ் தெரிந்த ஒருவரையாவது வையுங்கள். மாசியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது இல்லத்து முதியவர்களையும் கூட்டிப் போங்கள்.