கோடையில் உறங்கி மாரியில் எழும் நுளம்பு

கிழக்கில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிச் சில வாரங்கள் கடந்ததும் டெங்கு நோயாளர் தொகை உயரத் தொடங்குவது புதிய செய்தியன்று. மேல் மாகாணத்தில் பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில் உச்சம் காணும் இந்நோய், கல்முனை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களை அண்டியே தலைதூக்குகின்றது. அதன் பின்னர்தான் புகை விசிறும் இயந்திரங்கள் வீதிக்கு வருகின்றன; சிரமதானங்கள் நடைபெறுகின்றன; பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகின்றனர். இவை வேண்டியவையே. ஆனால் கச்சான் காற்று வீசி, திருக்கோவிலிலிருந்து மருதமுனை வரையான மணற்கரை வறண்டு கிடந்த மாதங்களில் இந்த நுளம்புகள் எங்கே இருந்தன என்ற கேள்வியை நாம் கேட்கத் தவறுகின்றோம்.

குளிர் நாடுகளில் வாழும் எம்மவர் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்பதுண்டு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பனிக்காலம் முழுவதும் காணாமற்போகும் நுளம்பு, வெயில் வந்ததும் எங்கிருந்து வருகின்றது? அங்குள்ள கியூலெக்ஸ் இனத்தில் ஆண் நுளம்புகள் குளிருக்கு முன்னரே மடிந்துவிடுகின்றன. கருவுற்ற பெண் நுளம்புகளோ குருதி குடிப்பதை நிறுத்தி, தாவரச் சாற்றிலுள்ள இனிப்பைக் கொழுப்பாக உடலிற் சேர்த்துக்கொண்டு, நிலவறைகளிலும் வடிகான்களிலும் பல மாதங்கள் அசையாது ஒடுங்கிக் கிடக்கின்றன. ஈடிஸ் இனங்கள் சிலவற்றில் தாய் நுளம்பு இறந்துவிட, முட்டை மட்டுமே குளிரைக் கடக்கின்றது.

எமது கரையோரத்தில் பனியில்லை. கோடைதான் நுளம்பின் கடுங்காலம். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டை நுளம்பு இக்காலத்தைக் கடக்கும் வழியும் முட்டைதான். அது முட்டைகளை நீரில் மிதக்க விடுவதில்லை. நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கின்றது. இரண்டு மூன்று நாட்களில் முட்டைக்குள் குடம்பி முழுமையாக உருவாகிவிடும். அதன் பின் நீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. உள்ளே உருவாகும் ஓர் உறை ஈரத்தை வெளியேற விடாது காப்பதால், பல மாதங்கள் காய்ந்த நிலையிலேயே அது உயிரோடிருக்கின்றது. மழை பெய்து நீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் குடம்பி வெளிவருகின்றது. அதுவும் எல்லா முட்டைகளும் ஒரே தடவையிற் பொரிப்பதில்லை; சில அடுத்த மழைக்கெனக் காத்திருக்கின்றன. பொரித்த குடம்பி ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும்.

ஆகவே, மாரியின் முதல் மழையோடு நுளம்பு எங்கிருந்தோ வந்து சேர்வதில்லை. வேலியோரம் கவிழ்க்காமல் விட்ட யோகட் கோப்பையிலும், இளநீர்க் கோம்பையிலும், பழைய டயரிலும், கூரைப் பீலியிலும் அது ஏற்கெனவே குடியிருக்கின்றது. பெரும்பாலான ஈடிஸ் நுளம்புகள் தாம் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்கு அப்பாற் செல்வதில்லை என்பதால், நம்மைக் கடிக்கும் நுளம்பு நம் வளவிலோ அடுத்த வளவிலோ பிறந்ததாகவே இருக்கும். இதிலிருந்து மற்றொன்றும் தெளிவாகின்றது. தொட்டியின் நீரை ஊற்றிவிட்டு மீண்டும் நிரப்புவது அரைவேலையே. குடம்பிகள் போய்விடும், சுவரில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும். நாரோ தூரிகையோ கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்தால் மட்டுமே அவை அகலும். நோயாளரே இல்லாத ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள் இதற்கு மிகவும் உகந்தவை. துரதிர்ஷ்டவசமாக, நோயாளர் இல்லாத மாதத்தில் அக்கறையும் இருப்பதில்லை.

இந்நாட்டு வரலாறு இதனை இருமுறை உணர்த்தியுள்ளது. 1934 இல் பருவமழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகச் சுருங்கியபோது, அக்குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. 1935 வரை நீடித்த மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாகினர். வறட்சி நுளம்பின் பகையென்று எண்ணியிருந்தோருக்கு அது பேரிடியாயிற்று. பின்னர் 1963 இல் மலேரியா நோயாளர் தொகை நாடு முழுவதிலும் வெறும் 17 ஆகக் குறைந்தது. கண்காணிப்புத் தளர்ந்தது. 1968, 1969 ஆம் ஆண்டுகளில் நோய் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பற்றிக்கொண்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது உண்மையே. ஆயினும் அவ்வாண்டின் இறுதியிலேயே, கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது.

கரையோர மக்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஈடிஸ் நுளம்பு தெளிந்த நன்னீரில் மாத்திரமே பெருகும் என்பது நீண்டகால நம்பிக்கை. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மேற்கொள்ளப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வு அந்நம்பிக்கையை மாற்றிவிட்டது. கரையில் கைவிடப்பட்ட படகுகளிலும், எறியப்பட்ட கலன்களிலும், பாவனையற்ற கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரில் ஈடிஸ் குடம்பிகள் வளர்ந்திருந்தன. 2004 ஆழிப்பேரலையில் கிணறுகள் உவராகிப் பலவும் கைவிடப்பட்ட இக்கரைக்கு இது வெறும் ஆய்வுச் செய்தியன்று. 2006 இன் பிற்பகுதியில் சிக்குன்குனியா பரவியபோது கல்முனைப் பகுதியும் தப்பவில்லை. முழங்கால் பிடித்துப் படுத்தவர்கள் அதனை மறந்திருக்கமாட்டார்கள்.

புகை விசிறல் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அது பறந்துகொண்டிருக்கும் நுளம்பையே கொல்லும். முட்டையையும் குடம்பியையும் தொடாது. ஈடிஸ் பகலில் கட்டிலின் கீழும் திரைச்சீலையின் பின்னும் தங்கும் இயல்புடையது. நாமோ புகை வண்டி வரும்போது யன்னலைச் சாத்திக்கொள்கின்றோம்! 1,86,000 இற்கும் அதிகமானோர் டெங்குவினால் பாதிக்கப்பட்டு 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 2017 இலும் நாடெங்கும் புகை அடிக்கப்பட்டது.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், வளவைத் துப்புரவாக வைத்திருக்கும் கடமையை உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் சுமத்துகின்றது. வீட்டுக்காரருக்கு வழக்குத் தொடுப்பது இலகு. பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடு, பாதியில் நின்ற கட்டடம், பாடசாலைக் கூரைப் பீலி, உள்ளூராட்சி மன்றம் நாட்கணக்கில் அள்ளாத குப்பை ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு? சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் கல்முனைக்குடி, சாய்ந்தமருது போன்ற இடங்களில் ஒரு வளவின் அலட்சியம் பத்து வீடுகளுக்குக் காய்ச்சலாகின்றது. நிர்வாக எல்லை எதுவென்று தமிழரும் முஸ்லிம்களும் ஆண்டுக்கணக்கில் வாதிடும் மண்ணில், எல்லையோரக் குப்பை இரு தரப்பாருக்கும் சொந்தமில்லாமற் போய்விடுவதுதான் வேதனை.

மழைக்கு முந்திய வாரங்களில் கோயில், பள்ளிவாசல் நிருவாகங்களும் மீனவர் சங்கங்களும் உள்ளூராட்சி மன்றங்களோடு இணைந்து இப்பணியை ஆரம்பிக்கலாம். கரையேற்றிய படகுகளைக் கவிழ்க்கலாம், பாழ்கிணறுகளை மூடலாம், ஹவ்ழுகளிலும் தீர்த்தக் கிணறுகளிலும் குடம்பி தின்னும் மீன்களை விடலாம். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடி, பாவிக்காத மலசலகூடத்தின் நீர்த்தாங்கி ஆகியவற்றை வாரம் ஒருமுறை பார்த்தாற் போதும். தேய்த்துக் கழுவிய நீரை வடிகானில் ஊற்றவேண்டாம்; கழன்ற முட்டைகள் அங்கும் பொரிக்கக்கூடும். வெயில் படும் காய்ந்த மணலில் ஊற்றுங்கள்.